பயிற்சித்தாள் முடிகிறது, புதுக் கேள்வி வந்தால் பேனா நின்றுவிடுகிறது: என்ன செய்யலாம்?

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் இருக்கும் ஒரு தாயார் கேட்டிருக்கிறார். மகன் உயர்நிலை இரண்டில் படிக்கிறான். டியூஷனில் தரும் பயிற்சித்தாள்களை மளமளவென்று முடித்துவிடுகிறான். தேர்வில் அதே பாடத்தைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு வருகிறான். பெற்றோர் சந்திப்பில் ஆசிரியர் 'கூர்ந்து சிந்திக்கும் திறனும் பிரச்சினை தீர்க்கும் திறனும் இன்னும் வளரணும்' என்று சொல்லி அனுப்பிவிட்டார். இதற்கென்றே நடத்தும் சிந்தனைத் திறன் வகுப்பில் சேர்க்கலாமா, வீட்டில் தமிழ் பேசுவதால்தான் வாதம் செய்ய வரவில்லையா என்பது அவருடைய இரண்டு கேள்விகள்.

வகுப்பு இப்போதைக்கு வேண்டாம். தமிழ் தடையே இல்லை. ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன். நான் உயர்நிலைப் பள்ளியில் கணிதம் சொல்லித்தருகிறவன், அதனால் கணித உதாரணங்கள் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

முதலில் ஆசிரியர் சொன்ன அந்த வாக்கியம். நாங்கள் பத்து நிமிடச் சந்திப்பில் சொல்லும் இந்த மாதிரி வாக்கியங்களை வைத்து வீட்டில் எதுவும் செய்ய முடியாது. மகன் எழுதிய தேர்வுத்தாளை வாங்கி, விட்டுவிட்டு வந்த கேள்விகளை மட்டும் அவனோடு உட்கார்ந்து பாருங்கள். வெறுமையான இடம் எல்லாம் ஒரே காரணத்தால் வருவதில்லை. சில இடங்களில் பாடமே தெரிந்திருக்காது. சில இடங்களில் பாடம் தெரியும், ஆனால் இங்கே அதுதான் தேவை என்று கண்ணுக்குப் பட்டிருக்காது. இன்னும் சில இடங்களில் என்ன செய்யலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கும், தப்பாகப் போய்விடுமோ என்று எழுதாமல் விட்டிருப்பான். முதலாவதுக்கு மருந்து படிப்பு. மற்ற இரண்டுக்கும்தான் இந்தப் பதில்.

இரவு சாப்பாட்டு மேசையில் இந்தக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள். உட்லண்ட்ஸிலிருந்து ஓரிடத்துக்கு 24 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போகும்போது மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம், அதே வழியில் திரும்பும்போது மணிக்கு 40 கிலோமீட்டர். சராசரி வேகம் என்ன? பெரும்பாலான பிள்ளைகள் யோசிக்காமலே 50 என்பார்கள். பெரியவர்களும்தான். சரியான விடை 48.

இங்கே நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதுதான் விஷயம். 'தப்பு, மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகு' என்று சொல்லிவிட்டால் அவனுக்கு ஒரு சூத்திரம் நினைவுக்கு வரும், அவ்வளவுதான். அதற்குப் பதிலாக, 'சரி, திரும்பி வரும்போது பயங்கர நெரிசல், மணிக்கு ஒரே ஒரு கிலோமீட்டர் வேகத்தில்தான் கார் நகர்ந்தது. இப்போ சராசரி என்ன?' என்று கேளுங்கள். அவன் வழிப்படி 60-ஐயும் 1-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 30.5 வரும். ஒரு நாள் முழுக்க ரோட்டில் கிடந்தவனுக்குச் சராசரி வேகம் 30-க்கு மேலா? அவனே சிரித்துவிடுவான். போக 24 நிமிடம், வர 24 மணி நேரம், மொத்தம் 48 கிலோமீட்டர். சராசரி மணிக்கு 2 கிலோமீட்டர்கூட வராது. அப்புறம் பழைய கணக்குக்குத் திரும்பச் சொல்லுங்கள். போக 24 நிமிடம், வர 36 நிமிடம், ஆக ஒரு மணி நேரத்தில் 48 கிலோமீட்டர். மெதுவாக வந்த வேகத்தில் அதிக நேரம் கழிந்திருக்கிறது, அதனால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது என்பதை அவன் வாயால் சொல்லவைத்துவிட்டால் வேலை முடிந்தது.

இதில் நடந்தது என்ன? தன் விடையைத் தானே சந்தேகப்பட ஒரு வழி அவன் கைக்கு வந்தது. எண்ணை எக்குத்தப்பாகப் பெரிதாக்கியோ சிறிதாக்கியோ போட்டுப் பார்த்து, 'இது நடக்கிற காரியமா?' என்று கேட்பது. ஜார்ஜ் போல்யா என்ற கணிதவியலாளர் 1945-இல் எழுதிய நான்கு படிகளைத்தான் இன்றும் நம் வகுப்பறைகளில் சொல்லித்தருகிறோம்: கணக்கைப் புரிந்துகொள், வழியைத் திட்டமிடு, செய்து பார், திரும்பிப் பார். முதல் மூன்றையும் பிள்ளைகள் எப்படியோ செய்துவிடுகிறார்கள். நான்காவதைச் செய்கிற மாணவரை வகுப்பில் தேடித்தான் பிடிக்க வேண்டும். விடை வந்ததும் அடியில் இரண்டு கோடு போட்டுவிட்டு அடுத்த கணக்குக்கு ஓடிவிடுவார்கள். நேரம் இல்லை, பாவம்.

இதைச் சொல்லும்போது பள்ளியைக் குறை சொல்வது போலத் தோன்றலாம். பாடத்திட்டத்தில் எதுவும் விடுபடவில்லை. சிங்கப்பூர்க் கணிதப் பாடத்திட்டத்தின் ஐங்கோணப் படம் 1990-இல் வந்தது. அதன் நடுவில் இருப்பதே பிரச்சினை தீர்த்தல்தான். ஐந்து பக்கங்களில் ஒன்று, தன் சிந்தனையைத் தானே கவனிப்பது. 1997-இல் அப்போதைய பிரதமர் கோ சோக் டோங் 'சிந்திக்கும் பள்ளிகள், கற்கும் தேசம்' என்று அறிவித்தார். 2004-இல் லீ சியன் லூங் 'குறைவாகக் கற்பிப்போம், நிறையக் கற்போம்' என்றார். 2023-க்குள் எல்லாத் தொடக்க, உயர்நிலைப் பள்ளிகளிலும் அரையாண்டுத் தேர்வே போய்விட்டது. பல நாட்டு மாணவர்களை ஒப்பிடும் பீசா தேர்வில் 15 வயது மாணவர்களின் ஆக்கபூர்வச் சிந்தனையை 2022-இல் முதன்முறையாகச் சோதித்தபோது, 60-க்குச் சராசரியாக 41 புள்ளி வாங்கி முதலிடத்தில் நின்றதும் நம் பிள்ளைகள்தான். ஆக, சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்குச் சிந்திக்கத் தெரியாது என்ற காப்பிக்கடைப் பேச்சை நான் ஏற்பதில்லை.

அதே பீசாவின் 2018 சுற்று இன்னொன்றையும் காட்டியது. தோற்றுவிடுவோமோ என்ற பயம் நம் மாணவர்களிடம், பீசாவை நடத்தும் ஓஇசிடி அமைப்பின் உறுப்பு நாடுகளின் சராசரியைவிட அதிகம். வெறுமையாக விட்ட அந்த இடங்களுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது இந்தப் பயத்தைத்தான். அரையாண்டுத் தேர்வு போன இடத்தில் பெற்றோர் டியூஷன் நிலையத்தின் மாதிரித் தேர்வைக் கொண்டுவந்து வைத்தால் பயம் எங்கே போகும்?

சரி, சிந்தனைத் திறன் வகுப்பு. இவை எல்லாம் ஏமாற்று என்று சொல்லமாட்டேன். நல்ல ஆசிரியர் கையில் பிள்ளைகள் உற்சாகமாகப் பேசுவார்கள், புதிர் போடுவார்கள். கேள்வி, அங்கே கற்றது கணிதத் தேர்வுக்கும் வரலாற்றுத் தாளுக்கும் வந்து சேருமா என்பதே. அமெரிக்க உளவியலாளர் டேனியல் வில்லிங்ஹம் 2007-இல் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். கூர்ந்து சிந்திப்பது சைக்கிள் ஓட்டுவது போல ஒருமுறை கற்றால் எங்கும் ஓட்டலாம் என்ற வகையைச் சேர்ந்ததில்லை, எதைப் பற்றிச் சிந்திக்கிறோமோ அதைப் பற்றிய அறிவோடு பின்னிக் கிடப்பது என்பது அவர் வாதம். என் வகுப்பில் நான் பார்ப்பதும் அதேதான்.

செரிலின் பிறந்தநாள் புதிர் உங்களுக்கு நினைவிருக்கும். 2015 ஏப்ரலில் ஃபேஸ்புக்கில் பரவி உலகம் முழுக்கச் சுற்றியது. அது சிங்கப்பூர், ஆசியப் பள்ளிகளுக்கான ஒரு கணித ஒலிம்பியாட் போட்டியில் உயர்நிலை மாணவர்களுக்குக் கேட்டது. தொடக்கப்பள்ளி ஐந்துக்கான கணக்கு என்று யாரோ கிளப்பிவிட, பெற்றோர் பாதிப் பேருக்கு அன்று தூக்கம் போனது. செரிலின் பிறந்தநாள் இந்தப் பத்துத் தேதிகளில் ஒன்று: மே 15, 16, 19, ஜூன் 17, 18, ஜூலை 14, 16, ஆகஸ்ட் 14, 15, 17. ஆல்பர்ட்டுக்கு மாதம் மட்டும் தெரியும், பெர்னார்டுக்குத் தேதி மட்டும். ஆல்பர்ட் சொல்கிறான்: 'எனக்குப் பிறந்தநாள் தெரியாது, பெர்னார்டுக்கும் தெரியாது என்று எனக்குத் தெரியும்.' பெர்னார்ட்: 'முதலில் தெரியவில்லை, இப்போது தெரிந்துவிட்டது.' ஆல்பர்ட்: 'அப்படியென்றால் எனக்கும் தெரிந்துவிட்டது.'

19-ம் 18-ம் ஒரே ஒருமுறை வருகிற எண்கள். பெர்னார்டிடம் அவற்றில் ஒன்று இருந்தால் அவனுக்கு உடனே தெரிந்திருக்கும். இருக்காது என்று ஆல்பர்ட் உறுதியாகச் சொல்வதால் மாதம் மேயும் இல்லை, ஜூனும் இல்லை. மிச்சம் ஜூலை 14, 16, ஆகஸ்ட் 14, 15, 17. இப்போது பெர்னார்டுக்குத் தெரிந்துவிட்டது என்றால் அவனிடம் இருப்பது 14 இல்லை. மிஞ்சியது ஜூலை 16, ஆகஸ்ட் 15, 17. ஆல்பர்ட்டுக்கும் தெரிந்துவிட்டது என்றால் ஆகஸ்டாக இருக்க முடியாது. விடை ஜூலை 16.

அழகான புதிர், வீட்டில் போட்டுப் பாருங்கள். ஆனால் இதைத் தட்டித் தூக்குகிற மாணவன் மறுநாள் வரலாற்று ஆதாரக் கேள்வியில் பரிதாபமாக எழுதுவதும், வரலாற்றில் கெட்டிக்காரி இந்தப் புதிரில் முழிப்பதும் எங்களுக்குச் சாதாரணக் காட்சி. அதனால்தான் சொல்கிறேன், வகுப்புக்குக் கட்டும் வெள்ளியை இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவன் படிக்கிற பாடத்துக்குள்ளேயே சிந்திக்க இடம் நிறைய இருக்கிறது.

அந்த இடம் எப்படி உண்டாகும்? மனு கபூர் என்ற ஆய்வாளர் இங்கே தேசியக் கல்விக் கழகத்தில் இருந்தபோது நம் உயர்நிலைப் பள்ளிகளிலேயே ஒன்றைச் செய்து பார்த்தார். மூன்று காற்பந்து ஆட்டக்காரர்கள் ஆண்டுதோறும் போட்ட கோல்களின் கணக்கைக் கொடுத்து, 'இவர்களில் நிலையாக ஆடுபவர் யார், அதை அளக்க ஒரு வழி கண்டுபிடியுங்கள்' என்று சொல்லிவிட்டார். எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று அளக்கும் திட்ட விலக்கம் என்ற பாடம் அவர்களுக்கு இன்னும் நடத்தப்படவில்லை. பிள்ளைகள் வரைபடம் போட்டார்கள், சராசரி எடுத்தார்கள், ஆண்டுக்கு ஆண்டு வித்தியாசத்தைக் கூட்டினார்கள். சரியான சூத்திரத்தை அவர்களாகக் கண்டுபிடித்துவிடவில்லை. பிறகு ஆசிரியர் அவர்களுடைய வழிகளையே எடுத்து வைத்து, எது எங்கே இடிக்கிறது என்று ஒப்பிட்டுக் காட்டிச் சரியான முறையைச் சொல்லித்தந்தார். இன்னொரு பிரிவுக்கு வழக்கம்போல முதலில் பாடம், பிறகு பயிற்சி. சூத்திரத்தைப் போட்டு விடை காண்பதில் இரு தரப்பும் ஏறக்குறையச் சமம். ஏன் அப்படி என்று விளக்குவதிலும், பார்த்திராத கணக்குக்கு அதைக் கொண்டுபோவதிலும், முதலில் திணறியவர்கள் முந்தினார்கள். பலன் தரும் தோல்வி என்று இதற்குப் பெயர் வைத்தார்.

இதில் பெற்றோர் கவனிக்க வேண்டியது இரண்டாம் பாதியை. சும்மா திணறவிடுவது மட்டும் போதாது, கடைசியில் யாராவது உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்துக் காட்ட வேண்டும். ஆனால் நம் வீடுகளிலும் டியூஷனிலும் நடப்பது நேர் எதிர். பழைய தேர்வுக் கேள்விகளின் தொகுப்பான டென் இயர் சீரிஸைத் திறக்க வேண்டியது, கணக்கு வரவில்லை என்றால் உடனே பின்பக்க விடையைப் பார்க்க வேண்டியது. 'ஓ, இது அந்த டைப்பா' என்று தலையாட்டிவிட்டு அடுத்தது. இப்படி ஐம்பது டைப் மனத்தில் ஏறும். தேர்வில் ஐம்பத்தோராவது வரும். உங்கள் மகனுக்கு நடப்பது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அதனால் வாரத்தில் ஒரு கணக்கு மட்டும் வேறு மாதிரி செய்யட்டும். கால் மணி நேரம் விடையைப் பார்க்கக் கூடாது, டியூஷன் ஆசிரியருக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பக் கூடாது, சாட்ஜிபிடியும் கூடாது. ரப்பருக்கும் தடை, தப்பான முயற்சி தாளிலேயே இருக்கட்டும். கால் மணி நேரம் கழித்து, எங்கே நின்றோம் என்று அவனே ஒரு வரி எழுத வேண்டும். அதன்பிறகு யாரை வேண்டுமானாலும் கேட்கலாம், சாட்ஜிபிடி உட்பட. 'விடை என்ன' என்று கேட்காமல் 'என் வழியில் எங்கே பிசகு' என்று கேட்கச் சொல்லுங்கள். அது தரும் பதிலிலும் சில சமயம் பிழை இருக்கும். அதைப் பிடித்துவிட்டால் பையனுக்கு வருகிற குஷியே தனி.

இனி வரலாறு. இப்போதே ஆதாரக் கேள்விகள் வந்திருக்கும். உயர்நிலை மூன்றில் சோஷியல் ஸ்டடீஸ் தொடங்கியதும் இன்னும் கூடும். ஆதாரக் கேள்விகளைப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் சுருக்கி எஸ்பிகியூ என்பார்கள். ஒரு பத்தி, ஒரு கேலிச்சித்திரம், ஒரு பேட்டி என்று சில ஆதாரங்களைக் கொடுத்து, எது எந்த அளவு நம்பத்தக்கது, ஒன்று மற்றொன்றோடு எப்படி ஒத்துப்போகிறது என்று கேட்பார்கள். கூர்ந்து சிந்திப்பதைச் சோதிக்க இதைவிட நேரான வழி இல்லை. ஆனால் இதற்கும் டியூஷனில் வாய்ப்பாடு வந்துவிட்டது. 'அரசாங்க ஆதாரம், ஆகவே ஒருதலைப்பட்சமானது, ஆகவே நம்பத்தகாதது' என்று மனப்பாடமாக எழுதுகிறார்கள். இன்னும் சிலர் 'அரசாங்க ஆதாரம், ஆகவே நம்பத்தக்கது' என்று அதே மனப்பாடத்தைத் திருப்பிப் போடுகிறார்கள்.

ஒரு உதாரணம் சொல்கிறேன், நானே போட்டது. உணவங்காடியில் தட்டைத் திருப்பி வைக்காவிட்டால் நடவடிக்கை என்பது 2021 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆதாரம் ஒன்று, 'எல்லாரும் ஒத்துழைக்கிறார்கள், மேசைகள் சுத்தமாக இருக்கின்றன' என்று சொல்லும் ஒரு சுவரொட்டி. ஆதாரம் இரண்டு, 'மத்தியானக் கூட்டத்தில் பாதித் தட்டு மேசையிலேதான் கிடக்கிறது' என்று ஒரு துப்புரவுப் பணியாளர் சொல்வது. இரண்டாவது வந்துவிட்டதால் முதலாவது பொய்யா? சுவரொட்டியின் வேலை என்ன? ஏற்கெனவே எல்லாரும் செய்கிறார்கள் என்று காட்டி, செய்யாதவரைக் கூச்சப்பட வைப்பது. பணியாளர் எந்த நேரத்தைப் பற்றிப் பேசுகிறார்? மத்தியானம். எத்தனை உணவங்காடிகளைப் பார்த்தார்? அநேகமாக ஒன்று. அவருக்கு மிகைப்படுத்த ஏதாவது காரணம் உண்டா? இருக்கலாம், வேலைப் பளுவைச் சொல்ல விரும்புகிறார். அதற்காக அவர் கண்ணால் பார்த்தது இல்லையென்று ஆகிவிடுமா? இப்படி எழுதுகிற பிள்ளைக்கு மதிப்பெண் தானாக வரும். யார் சொன்னது என்பதோடு நிற்காமல், யாரிடம், எதற்காக, எதைப் பார்த்துச் சொன்னது என்று போக வேண்டும்.

வீட்டில் இதற்குப் பயிற்சிக்களம் குடும்ப வாட்ஸ்அப் குழு. பெரியப்பா அனுப்பும் 'பலமுறை பகிரப்பட்டது' மருத்துவக் குறிப்பு ஒன்று போதும். தேசிய நூலக வாரியம் பல ஆண்டுகளாக நடத்திவரும் 'ஷுவர்' திட்டமும் இதைத்தான் சொல்கிறது: எங்கிருந்து வந்தது என்று பார், புரிந்துகொள், தேடு, மதிப்பிடு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் செய்த ஓர் ஆய்வு இங்கே கைகொடுக்கும். வரலாற்றுப் பேராசிரியர்கள், பல்கலைக்கழக மாணவர்கள், செய்தி சரிபார்ப்பவர்கள் ஆகிய மூன்று தரப்பிடமும் சில இணையதளங்களைக் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். முதல் இரு தரப்பினரில் பலர் அந்தப் பக்கத்திலேயே இருந்து மேலும் கீழும் படித்து, அழகான முகப்பைப் பார்த்து ஏமாந்தார்கள். செய்தி சரிபார்ப்பவர்கள் சட்டென்று அதைவிட்டு வெளியேறி, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று வேறு பக்கங்களில் தேடினார்கள். உங்கள் மகனிடம் பெரியப்பாவின் செய்தியைக் கொடுத்து, 'ஐந்து நிமிடத்தில் இது உண்மையா என்று கண்டுபிடி, எப்படிக் கண்டுபிடித்தாய் என்று சொல்' என்று கேளுங்கள். பெரியப்பாவுக்குப் பதில் போடுவது வேண்டாம், அது வேறு வகைப் பிரச்சினை.

இங்கே நம் வீட்டுப் பழக்கம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பிள்ளை ஏன் என்று கேட்டால் 'எதிர்த்துப் பேசாதே' என்று வாயடைத்துவிட்டு, பள்ளியில் போய்க் கூர்ந்து சிந்தி என்றால் எப்படி? மரியாதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரவு பதினொரு மணி வரை கைப்பேசி வேண்டும் என்கிறானா? இரண்டு காரணம் சொல்லட்டும். பிறகு அம்மா ஏன் மறுக்கிறார் என்பதற்கும் அவனே இரண்டு காரணம் சொல்லட்டும், அதுவும் நீங்கள் 'ஆமாம், நான் நினைத்தது இதுதான்' என்று ஒப்புக்கொள்கிற மாதிரி. முடிவு உங்களுடையதாகவே இருக்கட்டும். எதிர்த் தரப்பின் நல்ல வாதத்தை நேர்மையாகச் சொல்லத் தெரிந்தவன் 'எந்த அளவு ஒத்துக்கொள்கிறாய்' என்ற கேள்விக்குப் பயப்படமாட்டான்.

இது உங்கள் இரண்டாவது கேள்வியில் கொண்டுபோய்விடுகிறது. இதையெல்லாம் தமிழிலேயே செய்யுங்கள். சொற்களம் போன்ற விவாதப் போட்டிகளில் தமிழில் வெளுத்துக்கட்டுகிற பிள்ளைகள் ஆங்கிலக் கட்டுரையில் வாதம் இல்லாமல் தவிப்பதை நான் பார்த்ததில்லை. காரணம் காட்டுவது, மறுப்பது, விட்டுக்கொடுத்துப் பேசுவது எல்லாம் ஒரு மொழியில் பழகினால் இன்னொன்றுக்கும் வரும். தேர்வுக்குத் தனியாகத் தேவைப்படுவது ஆங்கிலத்தில் அவற்றைக் கோக்கும் இணைப்புச் சொற்களும் அந்தந்தப் பாடத்தின் கலைச்சொற்களும் மட்டுமே, அதைப் பள்ளி பார்த்துக்கொள்ளும். உங்களுக்குச் சரளமாக வராத மொழியில் நீங்கள் கேள்வி கேட்டால் 'சாப்பிட்டாயா, வீட்டுப்பாடம் முடித்தாயா' என்பதைத் தாண்டிப் போகாது. தமிழில் என்றால் 'அது எப்படி உனக்குத் தெரியும்?' என்று அவன் திணறும்வரை விடாமல் கேட்பீர்கள்.

இந்தத் தவணை முழுக்க இப்படிச் செய்து பாருங்கள். அடுத்த தேர்வுத்தாளில் மதிப்பெண்ணைப் பார்க்கும் முன் வெறுமையான இடங்கள் எத்தனை என்று எண்ணுங்கள். தப்பான முயற்சியால் நிரம்பியிருந்தாலும் அது முன்னேற்றம்தான், பாதி வழிக்கும் நாங்கள் மதிப்பெண் போடுகிறோம். வெறுமைக்கு என்ன போட முடியும்?